கோபுரம் என்பதும் கம்பம் என்பதும்

தமிழ்நாட்டில் மனிதர் எழுப்பியவற்றுள் மிக உயர்ந்தது எது என்று வகுப்பில் வினவினால், திருவரங்கத்து இராசகோபுரம் என்று ஒரு மாணவன் கூறுவான். தஞ்சைப் பெரிய கோயில் என்று மற்றொருவன் கூறுவான். இரு விடையும் பிழை. 1987இல் நிறைவுற்ற திருவரங்கத்து இராசகோபுரம் பதின்மூன்று நிலைகளுடன் ஏறத்தாழ 72 மீட்டர் உயர்ந்து நிற்பது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், இந்தியக் கடற்படையின் வானொலி நிலையத்தில் நிற்கும் நெடிய அமைப்போ 471 மீட்டர் உயரமுடையது. அரங்கத்துக் கோபுரம் ஆறினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் உச்சி எட்டாது. இந்தியா முழுவதிலும் அதனினும் உயர்ந்தது இல்லை.

இத்துணை உயர்ந்த பொருளுக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் ஒன்று இல்லை. எழுத நேர்ந்தால் எவர் கையும் தயங்காமல் 'வானொலிக் கோபுரம்' என்றே எழுதும். அச்சொல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. பொருந்தாது என்பதற்குக் காரணங்கள் உள. அக்காரணங்கள் சொல்லழகு பற்றியவை அல்ல. அப்பொருள் எவ்வாறு நிற்கிறது, எவ்வாறு வீழக்கூடும் என்பதைப் பற்றியவை.

கோபுரம் என்னும் சொல் முதலில் நகர வாயிலையும் கோயில் வாயிலையும் குறித்தது. பின்னர் வாயிலின்மேல் எழுந்த அடுக்குமாடத்தைக் குறித்தது. வாயில் இல்லாத தஞ்சை விமானத்தையும் பொதுமக்கள் கோபுரம் என்றனர். அதனை விமானம் என்று திருத்துவதில் தமிழாசிரியர் இன்றளவும் சலிப்பதில்லை. ஆனால் அத்திருத்தம் கோயில் மதிலோடு நின்றுவிடுகிறது. மதிலுக்கு வெளியே அச்சொல் தடையின்றி உலவுகிறது. பாரிசில் இரும்புச் சட்டங்களால் எழுந்தது ஈஃபில் கோபுரம். கோலாலம்பூரில் 88 மாடிக் கட்டடம் இரண்டு சேர்ந்து இரட்டைக் கோபுரம். கொழும்பில் 2019இல் திறக்கப்பெற்றது தாமரைக் கோபுரம். வயலின் குறுக்கே மின்கம்பி சுமந்து செல்வது மின்கோபுரம். கைப்பேசிக்கு அலை தருவதும் கோபுரம். தமிழ்நாட்டு நாற்சந்திகளில் ஒற்றைக் குழாயை நட்டு அதன் தலையில் விளக்குகளைப் பொருத்தி, அதற்கு 'உயர்கோபுர மின்விளக்கு' என்று நகராட்சிகள் பெயர் சூட்டியுள்ளன. குழாய் ஒன்று கோபுரமாகிவிட்டபின் எது கோபுரம் அன்று என்று கேட்கத் தோன்றுகிறது.

சொற்பொருள் விரிவது மொழியின் இயல்பு. அதனைக் குறை கூறுதல் தகாது. ஆயின் விரிந்த சொல், வேறுபட்ட இரு பொருள்களின் வேற்றுமையை மறைத்துவிடுமாயின் ஆசிரியர் அதனைக் கவனித்தல் வேண்டும்.

இராமேசுவரத்துத் தொலைக்காட்சிக் கோபுரத்தை நோக்குக. 323 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் அமைப்பு அது. அடி அகன்று, மேலே செல்லச் செல்லக் குறுகித் தன் எடையாலும் தன் அடித்தளத்தாலும் தானே நிற்கிறது. அவ்வகையில் அது கோயிற் கோபுரத்துக்கு உறவு உடையது. இராமநாதர் கோயில் உள்ள அவ்வூரில் 'கோபுரம் எங்கே?' என்று வினவினால் எந்தக் கோபுரம் என்று திருப்பிக் கேட்பர் என்பது தவிர அச்சொல்லால் பெருங்குற்றம் எதுவும் இல்லை. கோலாலம்பூர் கோபுரமும் கொழும்புத் தாமரைக் கோபுரமும் இவ்வகையினவே.

விஜயநாராயணத்து அமைப்பு அத்தகையதன்று. அது தானே நில்லாது. அடிமுதல் நுனிவரை ஏறத்தாழ ஒரே பருமனுள்ள எஃகுச் சட்டம் அது. பல திசைகளிலிருந்து இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் அதனை நிமிர்த்தி வைத்துள்ளன. மின்வாரியத் தொழிலாளர் மின்கம்பத்தைச் சாயாமல் பிடிக்கும் கம்பியை 'ஸ்டே கம்பி' என்பர். அதனையே பன்மடங்கு பெரிதாக்கி எண்ணுக. வடத்தை அறுத்தால் அது வீழும். கோபுரத்துக்கு அறுக்க ஒரு வடமும் இல்லை. பொறியியலார் இவ்விரண்டையும் பெரும்பாலும் வேறுபடுத்தியே அழைப்பர். தமிழ் வேறுபடுத்துவதில்லை.

இந்த வேற்றுமையின் கனத்தை உலகம் உணர்ந்தது 1991இல், போலந்து நாட்டில். அங்கே கோம்பின் என்னும் சிற்றூரை அடுத்த கான்ஸ்டான்டினோவ் சிற்றூரில் 1970இல் தொடங்கி 1974இல் எழுப்பி முடித்த ஒலிபரப்புக் கம்பம் 646.38 மீட்டர் உயரமுடையது. மனிதர் அதுகாறும் எழுப்பிய எதுவும் அவ்வுயரத்தை எட்டியதில்லை. குறுக்கே பார்த்தால் முக்கோணம். பக்கம் ஒவ்வொன்றும் ஐந்து மீட்டருக்கும் குறைவு. இத்துணை மெல்லிய பொருளை ஐந்து மட்டங்களில் கட்டிய பதினைந்து வடங்கள் நிறுத்தி வைத்திருந்தன.

அவ்வுயரம் பெருமைக்காகத் தேர்ந்ததன்று. அந்நிலையம் தொடக்கத்தில் 227 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில், 2,000 கிலோவாட் ஆற்றலுடன் நெட்டலையில் ஒலிபரப்பியது. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 1,320 மீட்டர். கம்பத்தின் உயரம் அதில் ஏறத்தாழப் பாதி. நெட்டலைக்கு நிலத்தை ஒட்டி நெடுந்தொலைவு செல்லும் இயல்பு உண்டு. அதனை வீசுவதற்கு அலைநீளத்தின் பாதியளவு நெடிய ஏரியல் மிகவும் உகந்தது. ஆகவே அக்கம்பம் ஏரியலைத் தாங்கி நிற்கவில்லை. கம்பம் முழுவதுமே ஏரியல். மின்சாரம் நிலத்துக்குள் இறங்கிவிடாதபடி மின்கடத்தாப் பீடம் ஒன்றின்மேல் அது நிறுத்தப்பட்டிருந்தது. (ஏரியலை 'அலைவாங்கி' என்று எழுதும் வழக்கும் இங்கே முறிகிறது. இந்தக் கம்பம் அலையை வாங்கியதன்று, வீசியது.) உலகின் மிக உயர்ந்த அமைப்பு, மின்னியல் நோக்கில், தான் நின்ற நிலத்தைத் தொடவே இல்லை. நிலத்தில் ஆழ வேரூன்றிய கோபுரத்தின் பெயரை அதற்குச் சூட்டுவது எவ்வாறு?

1991 ஆகஸ்ட் 8ஆம் நாள் அக்கம்பத்தின் உச்சி மட்டத்து வடங்களை மாற்றிக்கொண்டிருந்தனர். வடம் மாற்றும் நேரத்தில் பெருங்காற்று ஒன்று வீசிற்று. கம்பம் முறுக்குண்டு வளைந்தது, பாதியுயரத்தை ஒட்டி முறிந்தது, வீழ்ந்தது. நற்பேறாக உயிர் எதுவும் போகவில்லை. இதனை 'வானொலிக் கோபுரம் இடிந்து வீழ்ந்தது' என்று தமிழில் எழுதினால் படிப்பவன் மனத்தில் எழும் காட்சி என்ன? அடித்தளம் தளர்ந்தது, சுவர் வெடித்தது, கல் உதிர்ந்தது என்பதே. வடத்தை மாற்றப் போய் 646 மீட்டரும் மண்ணாயிற்று என்று அடுத்த வரியில் எழுதினால் அவனுக்கு விளங்காது. கோபுரத்துக்கு வடம் எதற்கு என்று கேட்பான். பெயர் தவறாயின் காரணமும் விளங்காது போகும்.

தமிழ்ப் புலவர் ஒருவர்க்கு இக்காரணம் நன்கு விளங்கியிருந்தது. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார், கட்டுத்தறியை முறித்துக்கொண்டு வெளிப்படும் களிற்றுக்கு உவமையாக நடுக்கடலில் காற்றிற் சிக்கிய நாவாயைக் கூறுகிறார். இறுகப் பிணித்த வலிய கயிறு அறுகிறது; பாய் சிதைகிறது; பாய்மரம் அடியோடு முறிகிறது; கப்பல் சுழியில் அகப்படுகிறது. முதலில் கயிறு, பிறகு மரம். இவ்வரிசையைப் புலவர் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் உவமை பொய்த்திருக்கும். பாய்மரத்தை அவர் குறித்த சொல் 'கூம்பு'. கயிற்றால் நிற்பது, கயிறு போனால் வீழ்வது, காற்றுக்கு எதிரே ஒல்லியாய் நிமிர்ந்திருப்பது என்ற மூன்றும் அடங்கிய சொல் அது. போலந்துக் கம்பத்துக்கு அதனினும் பொருந்திய பழஞ்சொல் தமிழில் இல்லை.

ஆனால் அச்சொல்லை இன்று மீட்டு வழங்க இயலுமா? இயலாது என்றே கூறவேண்டும். கணக்கு வகுப்பில் கூம்பு என்பது அடி வட்டமாய் நுனி கூரியதாய் உள்ள கனவுருவம். 'வானொலிக் கூம்பு' என்றால் மாணவன் ஒலிபெருக்கிக் குழலை எண்ணிக்கொள்வான். பாய்மரம் என்றால் பாய் எங்கே என்று கேட்பான். கொடிமரம் கோயிலுக்குரியது. தூண் என்பது எதையேனும் தாங்குவது. இதுவோ எதையும் தாங்கவில்லை. எஞ்சுவது கம்பம். மின்கம்பம், கொடிக்கம்பம், விளக்குக்கம்பம் என்று நாவில் பழகிய சொல். கம்பி கட்டி நிறுத்துவதோடும் பழகிய சொல். வடசொற் சார்பு உடையது என்று விலக்குவோர் கோபுரத்தை மட்டும் ஏன் அணைக்கின்றனர் என்பது விளங்கவில்லை.

மலேசியத் தமிழில் ஒரு சிறு இடர் உண்டு. இங்கே கம்பம் என்றால் மலாய்ச் சிற்றூர். கம்பத்து வீடு, கம்பத்துக் கோழி என்பன அன்றாட வழக்கு. 'கம்பத்தில் ஏறினான்' என்பதும் 'கம்பத்தில் குடியேறினான்' என்பதும் ஒரு சொல் வேறுபாட்டில் தடுமாறக்கூடும். எனினும் 'ஒலிபரப்புக் கம்பம்' என்று தொகைச்சொல்லாக எழுதுமிடத்து எவரும் சிற்றூரை நினையார். தானே நிற்பதற்குக் கோபுரம், வடத்தால் நிற்பதற்குக் கம்பம் என்று பாடநூல் எழுதுவோர் வரையறுத்துக் கொள்வதில் தடை எதுவும் இல்லை. நாற்சந்திக் குழாய் வடம் இல்லாமல் நிற்கிறதே எனின், அதனைப் பொதுமக்களே விளக்குக்கம்பம் என்று சரியாகச் சொல்கின்றனர். தவறியது பெயர்ப்பலகை எழுதியவரே.

பெயர் இவ்வாறாக, பதிவு செய்யும் முறை இன்னும் தளர்ந்து கிடக்கிறது. உயரம் என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும் என்று கருதுகின்றனர். எங்கிருந்து எங்குவரை என்பதைக் கூறாத உயரம் பாதி உண்மையே. 1996இல் திறக்கப்பெற்ற கோலாலம்பூர் கோபுரம் 421 மீட்டர். இரட்டைக் கோபுரம் 452 மீட்டர். ஆயின் முன்னது நிற்கும் புக்கிட் நானாஸ் குன்று கடல்மட்டத்துக்கு மேல் 94 மீட்டர் உயர்ந்தது. ஆகவே குறைந்த எண்ணுடையது நகரில் நிற்பவன் கண்ணுக்கு உயர்ந்து தோன்றுகிறது. கெடாவில் குனோங் ஜெராய் மலையுச்சியில் உள்ள ஒலிபரப்பு நிலையத்துக்கு 1,217 மீட்டர் உயரத்தை மலையே தந்துவிடுகிறது. பண்பலைக்கும் தொலைக்காட்சிக்கும் தடையற்ற பார்வை இருந்தால் போதும், ஆதலின் அங்கே நெடிய கம்பத்துக்குத் தேவை இல்லை. நெட்டலைக்கு மலை உதவாது. கம்பத்தின் நீளமே வேண்டும். எண்ணை மட்டும் எழுதுபவர் இவ்வேறுபாட்டைத் தவற விடுகின்றனர்.

உச்சி எது என்பதிலும் வழக்கு நடந்திருக்கிறது. 1996இல் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் உலகின் உயர்ந்த கட்டடம் என்று அறிவிக்கப்பட்டபோது சிகாகோ நகரத்தார் மனம் வருந்தினர். அவர்கள் சியர்ஸ் கட்டடத்தின் கூரை 442 மீட்டரில் இருந்தது. கூரைமேல் நின்ற ஏரியல்கள் 452 மீட்டரையும் கடந்திருந்தன. கட்டட அமைப்பின் பகுதியான கூர்முடி கணக்கில் சேரும், ஏரியல் சேராது என்று உயர்கட்டடங்களை அளக்கும் அவை தீர்ப்பளித்தது. மலேசியர் மகிழ்ந்த தீர்ப்பு அது. அதே விதியைப் போலந்துக் கம்பத்துக்குப் பொருத்தினால் அதன் உயரம் சுழியம் ஆகிவிடும்; அது முழுவதும் ஏரியல் அன்றோ!

எண்ணும் பெயரும் மாறிக்கொண்டே செல்லும் என்பதற்கு அமெரிக்காவின் வட டகோட்டாக் கம்பம் சான்று. 1963இல் எழுந்தபோது அதன் உயரம் 628 மீட்டருக்குச் சற்று மேல். நிலையத்தின் அழைப்பெழுத்து மாறியபோது கே.டி.எச்.ஐ. கம்பம் என்பது கே.வி.எல்.ஒய். கம்பம் ஆயிற்று. 2019இல் உச்சி ஏரியலை அகற்றியபின் அதன் உயரம் ஏறத்தாழ 605 மீட்டர். பழைய நூலில் ஓர் எண், புதிய நூலில் ஓர் எண்; ஆண்டு குறிக்காவிட்டால் இரண்டில் ஒன்று பொய்யாகத் தோன்றும். துபாயில் 828 மீட்டர் எழுந்த கட்டடம் பணி முடியும்வரை புர்ஜ் துபாய்; 2010 ஜனவரியில் திறந்த நாளன்று புர்ஜ் கலிஃபா. அது வளர்ந்துவந்த 2008இல்தான் போலந்துக் கம்பத்தின் 646 மீட்டர் முறியடிக்கப்பட்டது. அதாவது, கம்பம் வீழ்ந்து பதினேழு ஆண்டுகள் கழித்து. வெல்லப்பட்டது நிற்கும் பொருள் அன்று, தாளில் எழுதிய எண்.

இதில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. போலந்துக் கம்பம் இன்று இல்லை. அதற்கு ஈடாக 1999இல் சோலெட்ஸ் குயாவ்ஸ்கி என்னும் வேறோர் ஊரில் 330 மீட்டரிலும் 289 மீட்டரிலும் இரு கம்பங்கள் எழுந்தன. பழையதைப் பற்றி எஞ்சியிருப்பது பெயரும் பதிவுமே. அப்பெயரிலும் குழப்பம். உலகம் அதனை 'வார்சா வானொலிக் கம்பம்' என்றது. அது நின்றதோ வார்சாவிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில். ஒலி எழுந்த நகரத்தின் பெயர் அதனை வீசிய கம்பத்துக்கு ஆகிவந்தது. போலந்து மக்கள் கான்ஸ்டான்டினோவ் என்பர், கோம்பின் என்பர். கான்ஸ்டான்டினோவ் என்ற பெயரில் அந்நாட்டில் வேறு ஊர்களும் உள்ளமையால், படம் பார்த்து இடம் தேடுவோர் வழி தவறுவர்.

பொருள் மறைந்தபின் பெயரே சான்றாவது மலேசியர்க்குப் புதிதன்று. நிபோங் என்பது கொத்துக் கொத்தாய் வளரும் நெடிய முட்பனை. திபால் என்பது அடர்த்தி. மீன்பிடிக் கேலோங்குகளுக்கும் சதுப்புநில வீடுகளுக்கும் நிபோங் மரமே காலாக நின்றது. அக்காடு எங்கே என்று கேட்டால் காட்ட இயலாத இடங்களிலும் நிபோங் திபால் என்னும் ஊர்ப்பெயர் அதனைப் பதிந்து வைத்திருக்கிறது. காரணப்பெயரின் பயன் இது. வார்சாக் கம்பம் என்பதில் அப்பயன் இல்லை.

விஜயநாராயணத்துக்கு மீள்வோம். 1990இல் தொடங்கப்பெற்ற அந்நிலையத்தின் பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். முன்னுள்ள எழுத்துகள் இந்தியக் கடற்படைக் கப்பல் என்பதன் சுருக்கம். கரையில் உள்ள நிலையத்துக்கும் கப்பல் என்றே பெயரிடுவது கடற்படை மரபு. ஓடாத கப்பல் ஆயினும் அதற்குக் கயிறு கட்டிய கூம்பு இருக்கிறது; மருதனார் கண்டிருந்தால் வியந்திரார். 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாஞ்சாலங்குறிச்சி வீரனின் பெயர் அம்மாவட்டத்து நிலையத்துக்கு வாய்த்தது தக்கதே. ஆனால் அது நிலையத்தின் பெயர். வீரன் நினைவுக்கு இட்ட பெயர். கம்பம் என்ன செய்கிறது என்பதை அது கூறாது.

அது செய்வது இது: மிகத் தாழ்ந்த அலைவெண்ணில் செய்தி வீசுகிறது. அவ்வகை அலை கடல்நீருக்குள் ஓரளவு ஆழம்வரை ஊடுருவும். உயர்ந்த அலைவெண் உடைய வானொலி அலைகள் நீர்ப்பரப்பிலேயே தேய்ந்துபோம். ஆகவே நீருக்குள் மூழ்கியிருக்கும் கப்பல்களை அது அழைக்கிறது.

கப்பலை அழைக்கும் உயர்ந்த அமைப்புக்குத் தமிழில் பெயர் இல்லையா? கலங்கரை விளக்கம் என்பதில் உள்ள 'கரை' கடற்கரை என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அது கரைதல், அழைத்தல். காக்கை கரைவதும் அச்சொல்லே. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அத்தகைய விளக்குமாடம் ஒன்றைப் பாடியுள்ளார். வானத்துக்கு முட்டுக் கொடுத்தாற்போன்ற தோற்றம், சார்த்திய ஏணி, ஏறற்கரிய உச்சி, கூரை வேயாத மேல்மாடம், இரவில் ஏற்றும் தீ, அத்தீ கடலில் ஓடும் கலங்களை அழைத்தல் என்று எதனையும் அவர் விடவில்லை. எத்தனை கோல் உயரம் என்று மட்டும் கூறவில்லை. எண் ஒன்றை மட்டும் கூறி ஏனையவற்றை விடும் இக்காலக் குறிப்புகளோடு அதனை ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

மலாய்மொழியில் கோலாலம்பூர் கோபுரத்துக்கு வழங்கும் மெனாரா என்னும் சொல்லும் இவ்வழி வந்ததே. அரபு மொழியில் அது ஒளி ஏற்றும் இடம். அச்சொல் தமிழிலும் பழையது. நாகூர் தர்காவில் பெரிய மனாரா உண்டு. பினாங்கு சூலியா தெருவிலும் நாகூர் ஆண்டகையின் நினைவாகத் தர்கா எழுந்தது. தஞ்சைக் கடற்கரையில், நெப்போலியன் தோல்வியுற்றதன் நினைவாகச் சரபோஜி மன்னர் எழுப்பிய மாடத்தை ஊரார் மனோரா என்கின்றனர். தமிழர், மலாய்க்காரர், அரபியர் என மூவரும் உயர்ந்ததற்குப் பெயரிடும்போது அது என்ன செய்கிறது என்றே நோக்கினர், உயரத்தை நோக்கவில்லை.

ஆகவே விஜயநாராயணத்து அமைப்பைக் கலங்கரைக் கம்பம் எனலாம். பாடநூலில் அதற்கு இடம் கிடைக்குமாயின் குறிப்பு இவ்வாறு அமையலாம்: கலங்கரைக் கம்பம்; விஜயநாராயணம், திருநெல்வேலி மாவட்டம்; கடற்படை நிலையமான ஐ.என்.எஸ். கட்டபொம்மனுக்கு உரியது, நிலையம் தொடங்கியது 1990, புதிய தாழ்அலைவெண் அமைப்பு 2014, எஃகுச் சட்டம், வடங்களால் நிற்பது, உயரம் 471 மீட்டர், மூழ்கிய கப்பல்களை அழைப்பது.